ஐந்து வருட இடைவெளியில் பிறந்த இரட்டையர்

786
மேலப்பாளையம்
10.11.2024

அன்புள்ள முத்துராணிக்கு,

உன் மைனி அக்தர் பானு எழுதிக்கிடுதது. அல்லா காவல்ல நானும் உங்க அண்ணனும் நல்லா இருக்கோம். அங்கன நீ, உன் மவன் மாரிசெல்வம், மருமவ, மவ தேன்மொழி எல்லாரும் சுகமா இருக்க துவா செய்யுதேன்.

போன் இருக்கும்போது இவ என்னத்துக்குக் காயிதம் போடுதான்னு நினைப்பே. எனக்குக் காது மந்தமான பொறவு நான் போன்ல பேசினா தெருமுனை டீக்கடையில இருந்து பதில் வருது. போன மாசம் தேன்மொழிக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சைப் பேசினோமா, மறுநாள் கறிக்கடைக்காரன், "கோவில்பட்டி மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு மாமி?"ன்னு என்னைக் கேக்கான். உன் பக்கத்துலயோ மருமவ போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் உன் கையில தாரா. இந்தச் சங்கதி நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்க வேண்டியது. படிச்சிட்டு அடுப்புல போடு. அங்கன கேஸ் அடுப்புன்னா கிழிச்சுப் போடு.

போன செவ்வாக்கிழமை வாசத் தார்சாவில சொளவை மடியில வச்சுப் பீடி இலை வெட்டிக்கிட்டு இருக்கேன், ஜாபேஸ் வந்தார். நம்ம புத்துநோய் ஆராய்ச்சி ஜாபேஸ்தான். மீசை பாதி நரைச்சுட்டு, அதே ஸ்கூட்டர். பின்னால ஒரு கார். அதுல இருந்து ஒரு பெரியவர் இறங்கினார். கைலாசம் டாக்டராம். இந்த ஆராய்ச்சிக்கே அவர்தான் தலையாம்.

வந்தவர் நாற்காலியில உக்காராம என்னையே பார்த்துக்கிட்டு நிக்கார். பொறவு சொன்னார்: "அம்மா, இந்த ஆத்துத் தண்ணியைக் குடிக்கிற பல சமூகத்துப் பெண்களைப் பதிமூணு வருஷமா நாங்க கவனிச்சுக்கிட்டு வர்றோம். தண்ணி ஒண்ணு, வெயில் ஒண்ணு. ஆனா ஒரு சமூகத்துல ஒரு புத்து கூடுதலா வருது, இன்னொண்ணுல வேற புத்து. காரணம் ரத்தத்துல இருக்கா, சாப்பாட்டுல இருக்கா, செய்யிற வேலையில இருக்கான்னு பார்க்கிறோம். அதுல உங்க ரத்தமும் குறிச்சி முத்துராணி ரத்தமும் அச்சு அசல் ஒண்ணா இருக்கு. அக்கா தங்கச்சிக்குக் கூட இப்படி இருக்காது. ஒரே கருவுல உண்டான இரட்டைப் பிள்ளைகளுக்குத்தான் இருக்கும்."

எனக்குக் கத்தரி கையை விட்டு விழுந்துட்டு.

உனக்கு விளங்கியிருக்கும். ஊசியைக் கண்டா எனக்குத் தலை சுத்தும்னு, முதல் முகாம்லயே எம் பர்தாவைப் போட்டுக்கிட்டு ரெண்டாந்தடவை உள்ள போயி எம் பேருக்கும் நீயே ரத்தம் குடுத்துட்டு வந்தே. பொறவு வந்த முகாம்லயும் அதே பர்தா, அதே கை. பதிலுக்கு, நீ குறிச்சியில குடியிருந்த வருசமெல்லாம் எங்க வீட்டுத் தார்சாவுக்கு வருவேல்லா, ஜாபேஸ் அங்கன கேள்வி கேக்க வரும்போதெல்லாம், "என்னால வாயாட முடியாது மைனி"ன்னு நீ தலையைக் குனிஞ்சு பீடி சுத்த, உன் பேருக்கும் நானே பதில் சொன்னேன். ஆக ரத்தம் ரெண்டும் உன்னது, பேச்சு ரெண்டும் என்னது.

டாக்டர் அதோட விடலை. "சாப்பாடும் ஒத்துப்போகுது. அந்த அம்மாவும் வெள்ளிக்கிழமைதோறும் நெய்ச்சோறும் கறி ஆணமும் சாப்பிடுறாங்க. தனித்தனி வீட்டுல, தனித்தனி மதத்துல வளர்ந்த இரட்டையர் இப்படி இருக்கிறது உலகத்துலயே அபூர்வம்"னார். கண்ணுல தண்ணி வந்துட்டு அவருக்கு.

"டாக்டர், எனக்கு அறுபத்தொண்ணு. அவளுக்கு அம்பத்தாறு"ன்னேன்.

"ஆதார்ல வயசு முன்ன பின்னத்தான் போட்டிருப்பாங்க"ங்கார் ஜாபேஸ்.

நான் குட்டை, நீ நெட்டை. இதையும் சொன்னேன். அது சத்துக்குறைவாம். உங்க அண்ணன் உள்ள இருந்து வந்தார். அவருக்கு நம்ம பர்தா சங்கதி தெரியாதுல்லா. "நான் அப்பவே நினைச்சேன் டாக்டர். ரெண்டும் ஒரே மாதிரி ஏசும்"ன்னு சொல்லிட்டுப் போறார்.

உன் ஓசூர் விலாசம் கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். கூடப் பிறந்தவளைக் காட்டிக் குடுக்க மாட்டேங்காங்கன்னு டாக்டர் சிரிக்கார்.

நிக்கட்டும். நெஞ்சுப் பக்கம் உனக்கு என்னமும் வலி கிலி உண்டா? சும்மாதான் கேட்டேன்.

உன் மைனி
அக்தர் பானு


உ
இசக்கியம்மன் துணை
ஓசூர்
21.11.2024

பானு மைனிக்கு முத்துராணி எழுதுவது. நலம். நலமறிய ஆவல். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்க காயிதத்தைக் குளிமுறியில வச்சுப் படிச்சேன். சிரிச்ச சத்தம் வெளியே கேட்டு மருமவ கதவைத் தட்டிட்டா. பல்லி விழுந்துட்டுன்னு சொன்னேன். எங்கம்மைக்கு என்னைப் பெத்ததே பெரும்பாடு. இன்னொண்ணைப் பெத்து மேலப்பாளையத்துக்குக் குடுத்திருந்தா அதை ஊர் பூரா சொல்லிக்கிட்டே செத்திருப்பா.

ஆனா வெள்ளிக்கிழமை நான் நெய்ச்சோறும் கறியும் திம்பேன்னு ஏன் சொன்னீங்க? வெள்ளிக்கிழமை எனக்கு ஒருபொழுது. பதிமூணு வருசமா என் விரதம் அவங்க புஸ்தகத்துல இப்படி ஏறியிருக்கு.

இங்கன குளிரு. தண்ணி வாயில வைக்க விளங்கலை. பக்கத்து வீட்டுல தெலுங்கு, எதுத்த வீட்டுல கன்னடம். நான் பேசுததைக் கேட்டுட்டு, "நீங்க மலையாளமா?"ன்னு கேக்காங்க.

நெஞ்சுவலி உண்டான்னு எழுதியிருந்தீங்களே. அதைப் படிச்ச பொறவு ரெண்டு நாளு நெஞ்சு கிடந்து அடிச்சுது. மாரிசெல்வம் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஈசிஜி எடுத்தான். நல்லா இருக்காம். வாயுதானாம்.

சும்மா கேட்டேன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்குச் சும்மா கேக்கத் தெரியாது. என்ன சங்கதின்னு எழுதுங்க.

இப்படிக்கு
முத்துராணி


786
மேலப்பாளையம்
4.12.2024

அன்புள்ள முத்துராணிக்கு,

நீ ஈசிஜி எடுத்ததைப் படிச்சு எனக்கும் சிரிப்புத்தான் வந்துது. பைய அது நின்னுட்டு. நீ கேட்டுட்டே, சொல்லிருதேன். உக்காந்து படி.

அன்னைக்குப் போகும்போது டாக்டர் என்னை நடைக்குக் கூப்பிட்டார். "இரட்டைன்னது சந்தோஷமான சங்கதி. இன்னொண்ணும் இருக்கு. உங்க ரத்தத்துல பரம்பரையா வர்ற ஒரு எழுத்துப்பிழை இருக்கு"ன்னார். நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒற்றெழுத்து விட்டுத்தான் எழுதினேன், வாத்தியாரே ஒண்ணும் சொல்லலைன்னேன். அவர் சிரிக்கலை. "இந்தப் பிழை உள்ளவங்களுக்கு மார்லயும் சூல்பையிலயும் புத்து வர வாய்ப்பு மத்தவங்களைவிட ரொம்ப அதிகம். வந்துட்டுன்னு அர்த்தம் இல்லை. வருதான்னு விடாம பார்க்கணும். பெண் பிள்ளை இருந்தா அதுக்கும் பார்க்கணும்"னார்.

எனக்கு இருக்கிறது முஆத் ஒருத்தன். அவன் துபாயில கிடக்கான். உனக்குத் தேன்மொழி இருக்கா.

முத்துராணி, அது உன் ரத்தம்ட்டி.

அன்னையில இருந்து எனக்குச் சோறு இறங்கலை. எடுத்த எடுப்புல எழுத மனசு வராமத்தான் நெஞ்சுவலி உண்டான்னு கேட்டு வச்சேன். நீ அதை வாயுன்னு முடிச்சிட்டே.

மாரைப் படம் எடுக்கணும்னு ஜாபேஸ் வந்து கூட்டிட்டுப் போனார். மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. போனேன். ஒரு பொம்பளைப்பிள்ளைதான் எடுத்துது, நல்ல பிள்ளை. ஆனா அந்த மிஷினு இருக்கே, இடியாப்ப உரல்ல மாவை வச்சு அமுக்குத கணக்கா. "மூச்சை விடாதீங்கம்மா"ங்கா. விட்டாத்தான? உனக்கு வர வேண்டிய அமுக்கை நான் வாங்கிட்டு வந்தேன். என்ன பிரயோசனம், படம் என்னைத்தான பிடிக்கும்.

இப்ப, இன்னொரு தடவை ரத்தம் எடுத்து உறுதி பண்ணணும்ங்காங்க. முதல்ல தடுமம், மூக்கு ஒழுகுதுன்னு சொன்னேன். அடுத்து வந்தப்ப பக்கத்து வீட்டுல கல்யாணம்னேன். மூணாவது என்ன சொல்லன்னு தெரியாம, "இன்னைக்கு அமாவாசை"ன்னுட்டேன். ஜாபேஸ், "உங்களுக்கு என்னம்மா அமாவாசை?"ன்னு கேட்டுட்டு நிக்கார்.

நீ அங்கன ஒரு நல்ல ஆஸ்பத்திரியாப் பார்த்துப் போ. இல்லைன்னா இந்த டாக்டர்ட்ட உள்ளதைச் சொல்லிருதேன், அவரே எல்லாம் பார்ப்பார். சரின்னு ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

உன் மைனி
அக்தர் பானு


உ
இசக்கியம்மன் துணை
ஓசூர்
18.12.2024

பானு மைனிக்கு,

சொல்லாதீங்க.

எங்க அக்கா பிச்சம்மா எதுல செத்தான்னு உங்களுக்குத் தெரியாது. வயித்துவலின்னு சொல்லி வச்சிருக்கோம். அவளுக்கு மாருல கட்டி. எங்க சித்திக்கும் அதுதான். குடும்பத்துல யாருக்காச்சும் புத்து உண்டான்னு ஜாபேஸ் கேக்கும்போதெல்லாம் நீங்க, "அவ குடும்பத்துல எல்லாம் கல்லு கணக்கா இருப்பாங்க"ன்னு சொன்னீங்க. எனக்கு அதைக் கேக்க நல்லா இருந்துது மைனி. அதனால தலையைத் தூக்காம சுத்திக்கிட்டு இருந்தேன்.

நீங்க எழுதினது எனக்குப் புதுசு இல்லை. எழுத்துப்பிழைன்னு பேரு வச்சதுதான் புதுசு.

தேன்மொழிக்குக் கோவில்பட்டி இடம் ஏறக்குறைய முடிஞ்சாப்ல. தை பிறந்ததும் வீடு பார்க்க வாராங்க. இப்ப நான் போயி ஆஸ்பத்திரியில படுத்தா, குடும்பத்துல நோய்னு ஒரு பேச்சு கிளம்பும். பொறவு எந்த இடம் வரும்? அவ கழுத்துல ஒரு தாலி ஏறட்டும். அதுக்குப் பொறவு எந்த மிஷின்ல வேணாலும் என்னை வச்சு அமுக்குங்க.

நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எம்மேல ஆணை.

முத்துராணி

மார்கழிக் குளிர்ல இங்கன கோலம் போட முடியலை. மருமவ ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டிட்டா.


786
மேலப்பாளையம்
11.1.2025

அன்புள்ள முத்துராணிக்கு,

முதல்லயே சொல்லிருதேன். நான் வாயைத் திறக்கலை. ஆணையை மீறலை. கையைத்தான் நீட்டினேன்.

உன் காயிதம் வந்த அன்னைக்கு உங்க அண்ணன், "ஏன் அடுக்களையில நின்னு அழுதே?"ன்னு கேட்டார். உள்ளின்னேன். உள்ளி அரியாமலே அழுதா மனுசன் நம்புவாரா? நம்பிட்டார், பாவம்.

அன்னைக்கு நான் யோசிச்சேன். உன் ரத்தம் எம் பேர்ல இருக்க வரைக்கும் அவங்க என் பின்னாலதான் சுத்துவாங்க. என் ரத்தம் எதுன்னு தெரிஞ்சாத்தான் உன் ரத்தத்தைத் தேடுவாங்க. மறுநாளே பாளையங்கோட்டை ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். ஜாபேஸ் என்னைப் பார்த்ததும், "அமாவாசை முடிஞ்சுதா?"ன்னு கேட்டார். நாற்காலியில உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு, பிஸ்மி சொல்லி, "எடுங்க"ன்னு கையை நீட்டினேன். குத்தினது தெரிஞ்சுது. அதுக்குப் பொறவு நடந்ததை ஜாபேஸ் சொல்லித்தான் தெரியும். அவர் மேலதான் சாய்ஞ்சிருக்கேன். அவர் கண்ணாடி உடைஞ்சுட்டு. ரெண்டு நர்ஸ் பிள்ளைகள் சேர்ந்து தூக்கினாங்களாம்.

போன வாரம் முடிவு வந்துது. கூப்பிட்டு விட்டாங்க. கைலாசம் டாக்டர் ரெண்டு காகிதத்தை முன்னால வச்சுக்கிட்டு இருக்கார்.

"பானும்மா, போன மாசம் எடுத்தது யார் ரத்தம்?"

"என் ரத்தம்தான் டாக்டர்."

"அப்போ இத்தனை வருஷமா உங்க பேர்ல வந்தது?"

"நீங்கதான டாக்டர். நீங்க சொல்லுங்க."

அவர் ஜாபேஸைப் பார்த்தார். ஜாபேஸ் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு நின்னார். பொறவு ஜாபேஸ் பைய சொல்லுதார்: "டாக்டர், வீட்டுக்குப் போனா பானும்மா ஒரு கேள்விக்கு ஒம்பது பதில் சொல்லுவாங்க. முகாமுக்கு வந்தா மட்டும் பர்தாவுக்குள்ள ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ரத்தம் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. பயத்துல பேசலைன்னு நினைச்சேன். அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

நான் முந்தியால வாயைப் பொத்திக்கிட்டேன். அதுவே அவங்களுக்குப் பதிலாப் போச்சு.

டாக்டர் கோவப்படுவார்னு நினைச்சேன். அடுத்த மாசம் டெல்லியில பெரிய கூட்டத்துல நம்ம இரட்டைச் சங்கதியைப் பேசுததா இருந்தாராம். அந்தக் காகிதக் கட்டை எடுத்து மேசைக்கு அடியில வச்சார். ஜாபேஸ் முகம்தான் பார்க்கச் சகிக்கலை. மத்த பன்னெண்டாயிரம் பொம்பளையள்ல எவ சீலையில எவ வந்தாளோன்னு நினைச்சிருப்பார்.

டாக்டர் எந்திரிச்சு வந்து என் பக்கத்துல உக்காந்தார். "இரட்டையர் போகட்டும். அந்த முத்துராணியை நான் உடனே பார்க்கணும். தள்ளிப்போட்டா ஆபத்து"ன்னார்.

நான் வாயைத் திறந்தா உன் ஆணை. அதனால போனை மேசை மேல வச்சேன். "இதுல ஓசூர் மாரிசெல்வம்னு ஒரு பேர் கிடக்கும். என் கண்ணுக்குத் தெரியலை"ன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

தேன்மொழிக்கு அமையுத மாப்பிள்ளை அமைவான். அமையும்போது அவளுக்கு அம்மை வேணும். நீ என்னை ஏசு. நாலு பக்கத்துக்கு ஏசு. ஏசுததுக்கு நீ இருக்கணும், அவ்வளவுதான்.

உன் மைனி
அக்தர் பானு

அந்தப் படம் எடுக்கிற பிள்ளைகளும் விட மாட்டேங்கு. ரத்தம் என்னது இல்லைன்னு தெரிஞ்ச பொறவும், இன்னொரு படம் எடுக்கணும்னு கூப்பிடுதாங்க. தொட்ட வேலையை அரைகுறையா விடக்கூடாதுன்னு நினைக்காங்க போல.


ஓசூர்
22.1.2025

மைனிக்கு,

நாலு பக்கம் ஏச எனக்குத் தெம்பு இல்லை.

ஞாயித்துக்கிழமை கோவில்பட்டிக்காரங்க வந்திருந்தாங்க. மாப்பிள்ளை, அவங்க அம்மை, அப்பா, ஒரு தாய்மாமன். நடு வீட்டுல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காங்க. மாரிசெல்வம் போன் அடிச்சுது. மருமவ கையில காப்பித் தட்டு. அவன் கையில பலகாரம். வழக்கம்போல ஸ்பீக்கர்ல போட்டுட்டா.

ஜாபேஸ் பேசுதார். "புத்துநோய் ஆராய்ச்சி ஜாபேஸ் பேசுறேன். அக்தர் பானுங்கிற பேர்ல பர்தா போட்டு வந்த முத்துராணியம்மா வீடுதானே இது?"

மாப்பிள்ளையோட அம்மை டம்ளரைக் கீழ வச்சிட்டா.

மாரிசெல்வம் தட்டைப் போட்டுட்டுப் போனை எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடினான். அவன் ஓடின ஓட்டத்தைப் பார்த்தவங்க என்ன நினைப்பாங்க? தாய்மாமன் என்கிட்ட மெதுவா, "உங்களுக்கு எத்தனை பேரு?"ன்னு கேட்டார். எத்தனை பிள்ளைகள்னு கேக்காரா, எத்தனை பெயர்னு கேக்காரான்னு தெரியாம ரெண்டுன்னுட்டேன்.

சொல்லி அனுப்புதோம்னு போனாங்க. இன்னும் அனுப்பலை.

மாரிசெல்வத்துக்கு எல்லாம் தெரிஞ்சுட்டு. அக்கா சங்கதி உள்பட. அவன் ஏசக்கூட இல்லை. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா சாப்பிட மாட்டேன்னு படுத்துக் கிடக்கான். தேன்மொழி என்கிட்டப் பேச மாட்டேங்கா. கல்யாணம் நின்னதுக்கு இல்லை. மறைச்சதுக்கு.

எம்மேல ஆணைன்னு எழுதியிருந்தேன். கையை நீட்டினேன், போனை வச்சேன்னு கதை சொல்லுதீங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. இருந்தாலும் எனக்கு மனசு ஆறலை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சு. முத்துராணி


786
மேலப்பாளையம்
16.2.2025

முத்துராணிக்கு,

எழுத வேண்டாம்னு எழுதியிருந்தே. இது காயிதம் இல்லை. பொழுது போகாம எழுதின துண்டு.

இங்கன விசேஷம் ஒண்ணும் இல்லை. ஆத்துல தண்ணி நல்லாப் போவுது. உங்க அண்ணன் கடையை மத்தியானமே அடைச்சிட்டு வந்து சமைக்கார். முந்தாநாள் ஆணத்துல உப்பு இல்லை. நேத்து உப்புல ஆணம் இல்லை. நல்லா இருக்குன்னு சொன்னேன். அது தப்பாப் போச்சு. இன்னைக்கு மீன் வாங்கிட்டு வந்திருக்கார்.

நான் கொஞ்ச நாளா பீடி சுத்தலை. இடது கையைத் தூக்கினா இழுக்குது. வயசாச்சுல்லா. அடிக்கடி பாளையங்கோட்டைக்குப் போக வேண்டியிருக்கு. ஜாபேஸ்தான் ஆட்டோ பிடிச்சு விடுதார். எனக்கு ஆராய்ச்சியில வேலை கிடைச்சிட்டுன்னு தெருவுல பேசிக்கிடுதாங்க. ஊசியெல்லாம் இப்ப ஒண்ணும் செய்யுததில்லை. பழகிட்டு. ஒரு நர்ஸ் பிள்ளைக்கு வீரவநல்லூர். அதுக்கும் மாப்பிள்ளை பார்க்காங்க. நான் எனக்குத் தெரிஞ்ச மூணு இடம் சொன்னேன். "நீங்க பேசாமப் படுங்க"ன்னுட்டு.

நோம்பு வரப் போவுது. வீட்டை ஒட்டடை அடிக்கணும். அதுக்குத்தான் கை ஒத்துழைக்க மாட்டேங்கு.

நீ பெங்களூர் போனியா, என்ன சொன்னாங்கன்னு தெரியலை. எனக்கு எழுத வேண்டாம். உங்க அண்ணனுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கேன்"னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். நான் பக்கத்துல நிக்க மாட்டேன். நின்னாலும் எனக்குத்தான் காது கேக்காதே.

அக்தர் பானு


உ
இசக்கியம்மன் துணை
ஓசூர்
5.3.2025

அன்புள்ள பானு மைனிக்கு,

முத்துராணி எழுதுவது. முதல்ல என் சங்கதி.

பெங்களூர்ல என்னைத் தலை முதல் கால் வரைக்கும் பார்த்தாங்க. நீங்க சொன்ன உரல்லயும் வச்சாங்க. நீங்க கூட்டித்தான் எழுதுவீங்கன்னு நினைச்சிருந்தேன், குறைச்சு எழுதியிருக்கீங்க. பிழை இருக்குதது உண்மைதானாம். கட்டி ஒண்ணும் இல்லை. ஆனா சும்மா இருக்கக் கூடாதாம். வைகாசிக்குள்ள சூல்பையை எடுத்திரணும், மாரை வருசா வருசம் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. இனி அது என்னத்துக்கு எனக்கு, எடுத்துட்டுப் போகட்டும்.

தேன்மொழிக்கும் ரத்தம் எடுத்தாங்க. முடிவு வர வரைக்கும் நான் பச்சைத் தண்ணி குடிக்கலை. அவளுக்கு அந்தப் பிழை இல்லை மைனி. டாக்டர் சொன்னதும் நான் அங்கனயே உக்காந்து அழுதேன். அவ, "இல்லைன்னுதானம்மா சொல்லுதாங்க, எழும்பு"ன்னு என்னைத் தூக்கினா. அன்னைக்குத்தான் என்கிட்டத் திரும்பப் பேசினா.

கோவில்பட்டி அம்மா போன வாரம் போன் பண்ணினா. சம்பந்தம் பத்தி வாயைத் திறக்கலை. அவ கூடப் பிறந்த தங்கச்சிக்கும் மாருல கட்டி இருந்துதாம். அவங்களும் வயித்துவலின்னுதான் சொல்லி வச்சிருந்தாங்களாம். ஜாபேஸ் நம்பர் கேட்டா. குடுத்தேன். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

இதையெல்லாம் சொல்லத்தான் நேத்து நானும் ஜாபேஸுக்குப் போன் போட்டேன். உங்ககிட்டப் பேசத்தான் ரோசம், அவர்கிட்ட என்ன ரோசம்? அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "நல்லது. அங்கே பானும்மாவுக்கும் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. இப்போ கரண்டு, அதான் கதிர்வீச்சு, வைக்க ஆரம்பிச்சாச்சு"ன்னார். எனக்குத் தெரியும்னு நினைச்சுத்தான் சொல்லியிருக்கார். "எந்த ஆபரேசன்?"னு நான் கேட்டதும், "ஐயோ, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேக்கார்.

பட்டாணி அளவு கட்டியாம். இடது மார். கையில தட்டுப்படாத இடமாம். என் ரத்தம் உங்க பேர்ல கிடந்ததாலதான் உங்களைப் படம் எடுத்தாங்களாம், எடுத்ததாலதான் தெரிஞ்சுதாம். இல்லைன்னா இன்னும் ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்கும்னார். உங்க ரத்தத்துல ஒரு பிழையும் இல்லையாம். பிழை இல்லாதவளுக்குக் கட்டி, பிழை இருக்கவளுக்குக் கட்டி இல்லை. கைலாசம் டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் எந்தக் கணக்குல எழுதன்னு தெரியாம முழிக்காராம்.

உங்க துண்டை எடுத்துத் திரும்பப் படிச்சேன். உப்பு இருக்கு, மீன் இருக்கு, வீரவநல்லூர்ப் பிள்ளைக்கு மாப்பிள்ளை இருக்கு. உங்களைக் கீறித் தைச்சது மட்டும் இல்லை. நான் பிச்சம்மாவை மறைச்சது தப்புன்னா இதுக்கு என்ன பேரு? இதை நேர்ல வந்து கேப்பேன்.

வியாழக்கிழமை, பதிமூணாந்தேதி, விடியக்காலம் நாகர்கோவில் ரயில்ல நெல்லை வந்து இறங்குதேன். ரயில்வே ஸ்டேசனுக்கு அண்ணனை அனுப்ப வேண்டாம். எனக்கு வழி தெரியும். வைகாசியில என் ஆபரேசன் வரைக்கும் அங்கனதான் இருப்பேன். மாரிசெல்வம்ட்ட சொல்லிட்டேன். மருமவ ஒரு பெட்டி நிறைய சுவெட்டர் எடுத்து வச்சா. மேலப்பாளையத்துப் பங்குனி வெயில்ல சுவெட்டரான்னு கேட்டேன். வெளியூர் போறவங்களுக்கு வேற என்ன எடுத்து வைக்கன்னு தெரியலைங்கா, பாவம். அவளைப் பத்தி நாம கொஞ்சம் கூடத்தான் பேசிட்டோம்.

அண்ணன் இனி அடுக்களைக்குள்ள வர வேண்டாம்.

இன்னொண்ணு. கரண்டு வைக்கிற நாள்ல நோம்பு பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் நீங்க பிடிக்கீங்களாமே. தெரு பூரா நோம்பு இருக்கும்போது பகல்ல எப்படிச் சாப்பிடன்னு கேட்டீங்களாம். நான் வந்ததும் காலையில கஞ்சி காய்ச்சுவேன். வாசக்கதவைச் சாத்திட்டு, சூடு ஆறுததுக்குள்ள குடிச்சிரணும். கஞ்சி வாசம் வருதே, யாருக்குன்னு எவளாவது எட்டிப் பார்த்துக் கேட்டா, முத்துராணி வந்திருக்கா, அவளுக்குன்னு சொல்லுங்க.

முத்துராணி